திருகாணிதான் நீளம்

மேடையில் முழங்கிக்கொண்டிருப்பவன் கையில் கொடுக்கப்படும் துண்டுச்சீட்டில் பெரும்பாலும் ஒரே செய்திதான் இருக்கும்: நேரமாகிவிட்டது, முடித்துக்கொள்ளுங்கள். முப்பது ஆண்டுகளாக அத்தகைய சீட்டுகளை நான் படித்ததில்லை. வாங்குவேன், தலையசைப்பேன், சட்டைப்பையில் இட்டுக்கொண்டு தொடர்வேன். சென்ற மாதம் திண்டிவனத்தில் நடந்த ஒரு முற்பகல் கூட்டத்திலும் அதையே செய்தேன். சீட்டை மேடைக்கு அனுப்பியவர் என் ஓட்டுநர் பச்சையப்பன். அவர் அதற்கு முன் ஒருமுறைகூட எனக்குச் சீட்டு அனுப்பியதில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. மேலும் நாற்பது மணித்துளிகள் பேசினேன். கைதட்டல் ஓய்ந்து, தோளில் துண்டு போர்த்தப்பட்டுக் கீழே இறங்கினேன். வண்டிக் கதவோரம் நின்றிருந்த பச்சையப்பன், "படிச்சீங்களா ஐயா?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் பைக்குள் கை விட்டேன்.

"ஏழுமலை அண்ணன் இறந்துட்டாரு. காலை ஒன்பது மணி. பட்டறையில. நெஞ்சுவலி."

செஞ்சியில் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் ஏழுமலை யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. பிறருக்காகச் சொல்கிறேன். அவர் வண்டிகளின் மின்கம்பிகளைப் பார்க்கும் பணியாளர். திருவண்ணாமலைச் சாலையில் தகரக் கூரை போட்ட பட்டறை; வெளியே பெயர்ப்பலகை கிடையாது. எஞ்சின் எனப்படும் பொறியில் கை வைக்க மாட்டார், சக்கரத்தைத் தொட மாட்டார். விளக்கு எரியவில்லை என்றாலும், எரியக் கூடாதபோது எரிந்தாலும் அவரிடம் போக வேண்டும். போனால் உடனே வேலை நடக்குமா என்றால் நடக்காது. நாளை என்பார்; அந்த நாளை நான்கு நாள் கழித்து வரும். சரக்கை ஏற்றி வைத்துவிட்டு அவர் பட்டறை வாசலில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவர்கள் பலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். நானும் நின்றவன்தான். ஆனால் அவர் கை வைத்த வண்டி அதே குறையோடு இரண்டாம் முறை அவரிடம் திரும்பி வந்ததாக நம்மில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

என்னுடையது பழைய வண்டி. ஊரார் பிக்கப் என்பார்கள். நான் சிறு சரக்குந்து என்பேன். ஒலிபெருக்கிகளையும் நாற்காலிகளையும் ஏற்றிக்கொண்டு பனமலை, தளவானூர் என்று ஊர் ஊராகச் செல்லும் வண்டி. அதன் முகப்பில், ஓட்டுநருக்கும் எனக்கும் நடுவே, பித்தளையில் எழுத்து வெட்டிய ஒரு பலகையைப் பொருத்தியிருக்கிறேன்: "தமிழால் ஓடும் ஊர்தி." யாரிடமும் கொடுக்காமல் நானே என் கையால் நான்கு திருகாணிகளை முடுக்கிப் பொருத்தியது. அதை முதன்முதலில் பார்த்தபோது ஏழுமலை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு, "அப்ப டீசலு எதுக்கு ஐயா போடறீங்க?" என்றார். நான் சிரிக்கவில்லை. பச்சையப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

பலகை வந்து ஓராண்டு இருக்கும். முகப்பில் சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கின. எண்ணெய் அழுத்தம் குறைந்தால் எரியும் விளக்கு, மின்கலம் மின்னேற்றம் பெறாவிட்டால் எரியும் விளக்கு, ஊரார் பிரேக் என்னும் தடைக்கருவிக்கு உரியது என மூன்று. எப்போதும் எரிந்தால் கண்டுபிடித்துவிடலாம். இவை வந்து வந்து போயின. வழியில் எரியும், பட்டறைக்குள் வண்டி நுழைந்ததும் ஒன்றும் அறியாததுபோல் அணைந்திருக்கும். வேறோர் ஊரில் ஒரு பட்டறைக்காரர் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, வண்டிக்கு ஒன்றுமில்லை, அந்த மூன்று குமிழ்களையும் கழற்றிவிடலாம், உங்களுக்கும் தொல்லை இராது என்றார். உண்மையைச் சொல்கிறேன்: எனக்கு அது நல்ல வழியாகவே பட்டது. ஏழுமலையிடம் வந்து, கழற்றிவிடுங்கள் என்று நானே கேட்டேன்.

அவர் மறுத்தார். நம் வட்டார வழக்கில் அவர் பேசியதைப் பேசியபடியே இங்கு எழுதுகிறேன். அதைத் திருத்த எனக்கு உரிமையில்லை.

"பல்பைக் கழட்டிட்டா அது பேசாது ஐயா. ஆனா இன்னாத்த சொல்ல வந்துச்சோ அது அப்டியேதான் இருக்கும்."

அதோடு விடவில்லை. பொறியில் எண்ணெய் அழுத்தம் உண்மையிலேயே இருக்கிறதா என்று தனியாக ஓர் அளவுமானியைப் பூட்டிப் பார்த்தார். மின்கலத்தைப் பார்த்தார். தடைக்கருவியின் எண்ணெய்க் குப்பியைப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. விளக்கு பொய் சொல்கிறது என்று எனக்கு முதல் நொடியிலேயே தெரியும். பிறகு ஏன் இத்தனை ஆய்வு என்று பொறுமையிழந்து கேட்டேன். "மொதல்ல அது நெசத்தைத்தான் சொல்லுதுன்னு வெச்சிக்கினு பாக்கணும். பாத்து முடிச்சப்பறந்தான் பொய்யின்னு சொல்லணும்" என்றார். தடித்த நூல்கள் பல படித்தவன் நான். ஐயுறவேண்டிய முறையை இவ்வளவு நேர்மையாக எவரும் எனக்குச் சொன்னதில்லை.

இனி, எழுதக் கூசும் ஒன்றை எழுதவேண்டும். அன்று பட்டறையில் பத்துப் பேர் இருந்தார்கள். குறை எங்கே என்று தெரியாத எரிச்சலில் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பச்சையப்பன் தம் கைப்பேசிக்கு மின்னேற்ற, முகப்பின் கீழே ஒரு செருகியைப் பொருத்தியிருந்தார். அந்தக் கம்பிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று அறிவித்தேன். அறிவித்தேன் என்றால் மேடைக் குரலில். ஒன்பது ஆண்டுகள் என்னோடு இருந்தவரை, "பாட்டுக் கேட்பதற்காக என் ஊர்தியின் நரம்பை அறுத்தவன் நீ" என்றேன். குறை அந்தச் செருகியால் என்று உறுதியானால் வேலையை விட்டு நின்றுவிட வேண்டும் என்றும் சொன்னேன். அதற்கு முந்தைய மாலைதான் உழைப்பவனின் மானம் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசியிருந்தேன்.

பச்சையப்பன் சிங்கவரத்துக்காரர். பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். வேலை போவது ஒருபுறம். ஓட்டுநர் ஒருவருக்கு ஒரு பட்டறையில் பெயர் கெட்டால் அடுத்த முதலாளியின் காதுக்கு அது அவருக்கு முன்பே போய்ச் சேரும். அவர் சொன்னது ஒன்றே: "நான் எந்த ஒயரையும் அறுக்கல ஐயா. லைட்டரு சாக்கெட்டுல இருந்துதான் எடுத்தேன்." அதற்குமேல் பேச நான் இடம் கொடுக்கவில்லை.

ஏழுமலை கையைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். "ஆள அனுப்பறதுக்கு இன்னா ஐயா அவசரம்? லைட்டு இன்னா சொல்லுதுன்னு கேட்டுட்டு அப்பறம் அனுப்பலாம்" என்றார். அந்தச் செருகியை நான் பார்க்கவே கழற்றினார். கம்பியின் முனையில் நாடா சுற்றிக் கட்டிவைத்தார். பிறகு உள்ளே போய் நாற்பது பக்கப் பள்ளிக் குறிப்பேடுகள் இரண்டு எடுத்துவந்து, ஒன்றை என்னிடமும் ஒன்றைப் பச்சையப்பனிடமும் கொடுத்தார்.

அந்தக் குறிப்பேட்டை உங்களில் பலர் அறிவீர்கள். வந்து வந்து போகும் குறையோடு யார் போனாலும் அவர் கையில் ஒன்றைத் திணிப்பார். எப்போது, எங்கே, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்: இந்த மூன்றைத்தான் எழுத வேண்டும். பத்து முறை எழுதிய பிறகே வண்டியைத் தொடுவார். இரண்டு மூன்று முறை நடந்ததை வைத்துக்கொண்டு நாம் நினைத்ததையே நிறுவிவிடுவோம் என்பது அவர் கருத்து. முகப்பை முழுக்கப் பிரித்துப் பார்த்துவிடலாமே என்றேன். பிரித்தால் குறையும் சேர்ந்து கழன்றுகொள்ளும், மாட்டினால் மறுபடி வரும் என்றார். அது எவ்வளவு உண்மை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பதினைந்து நாள் கழித்து என் குறிப்பேட்டைப் பெருமையோடு நீட்டினேன். முதல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தேன்: "அந்தி மயங்கும் வேளை. குருதி சொட்டும் கண்ணென ஒரு விளக்கு என்னை வெறித்தது." ஏழுமலை அதைப் பொறுமையாகப் படித்தார். காதில் செருகியிருந்த கரிக்கோலை எடுத்தார்.

"எந்த லைட்டு ஐயா? மூணு இருக்குதே."

எனக்கு நினைவில்லை. ஒவ்வொரு வரியாகக் கேட்டுக்கொண்டே வந்தார், அடித்துக்கொண்டே வந்தார். எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். கடைசியில் அடிபடாமல் மிஞ்சியவை "விழுப்புரம் சாலை", "மாலை" என்னும் இரண்டே குறிப்புகள். ஒரு புலவர் அவையில் என் பாட்டைக் கிழித்தெறிந்திருந்தால்கூட நான் வழக்காடியிருப்பேன். அந்தக் கரிக்கோலிடம் வழக்காட முடியவில்லை. பிறகு பச்சையப்பனின் குறிப்பேட்டைத் திறந்தார். அதில் பதினோரு வரிகள் இருந்தன.

"மேலச்சேரி தாண்டி. எடது திருப்பம். ஆயில் லைட்டு, பேட்டரி லைட்டு. நேரா வந்ததும் போச்சு."

"ஐயா வீட்டுச் சந்து. எடது பக்கம் ஒடிச்சி திரும்பும்போது. மூணும்."

"திருவண்ணாமலை ரோடு. பள்ளத்துல குதிச்சுது. ஒண்ணும் வரல."

பதினொன்றில் பத்து இடப்பக்கத் திருப்பம். வலப்பக்கம் ஒன்றுகூட இல்லை. பதினோராவது, விளக்கு வராததைப் பற்றியது. "வரலேன்னு எழுதினான் பாருங்க, அதான் ஐயா வேலை" என்றார் ஏழுமலை. வேலையை விட்டு அனுப்பப்படும் நிலையிலிருந்த ஒருவர், தம்மைக் காத்துக்கொள்ள ஒரு சொல்லும் சேர்க்காமல், நடந்ததை மட்டும் எழுதியிருந்தார். இருவர் எழுத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். ஆயினும் என் பிடிவாதம் தளரவில்லை. செருகி ஏற்கெனவே செய்த கேடு அது என்று அப்போதும் சொன்னேன்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏழுமலையின் பேச்சில் மலிந்திருந்த ஆங்கிலச் சொற்களைக் களையவேண்டும் என்று நான் நாற்பது தூய தமிழ்ச் சொற்களைத் தடித்த அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தேன். மறுக்காமல் வாங்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார், பயன்படுத்தவில்லை. ஏன் என்று கேட்டால், "கடையில போயி மின்கலம் குடுன்னா சாம்பார் வாளி எடுத்துக் குடுப்பான் ஐயா" என்பார். கம்பியும் கம்பியும் பட்டு மின்னோட்டம் வழிமாறுவதற்கு என் அட்டையில் 'குறுஞ்சுற்று' என்று எழுதியிருந்தேன். அவர் அதை ஒரசல் என்பார். "எங்கியோ ஒரசுது." உரசல். எந்த மொழியிலிருந்தும் பெயர்க்காத, கேட்டவுடன் கண்ணில் காட்சி விரியும் தமிழ்ச் சொல். அது என் அட்டையில் இல்லை. அதன்பின் 'குறுஞ்சுற்று' என்பதை அடித்துவிட்டு அதை எழுதிவைத்தவன் நான்.

குறிப்பேடுகளைப் படித்த மறுநாள் காலை, மலையடிவாரத்தில் ஆடு மேயும் திடலுக்கு வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். பச்சையப்பனை ஓட்டச் சொல்லிவிட்டு, தாம் இடப்பக்க இருக்கையில் தலைகீழாகக் கிடந்தார். கால்கள் இருக்கையின் முதுகில். தலை முகப்பின் அடியில். கையில் ஒரு மூங்கில் குச்சி. வண்டி இடப்பக்கமாகவே வட்டமிட வேண்டும். விளக்கு வந்தால் பச்சையப்பன் குரல் கொடுக்க வேண்டும். நான் திடலின் நடுவே நின்றேன். வண்டி என்னைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஆடு மேய்த்தவர்கள் கூடிவிட்டார்கள். "இன்னா, ஐயா வண்டி செக்கு இழுக்குதா?" என்று ஒருவர் கேட்டார். "எண்ணெ வந்தா எனக்கும் ஒரு படி" என்றார் இன்னொருவர்.

"வந்துச்சு," என்று கேட்டது பச்சையப்பனின் குரல். "போச்சு. வந்துச்சு. போச்சு."

"இன்னும் ஒடி. அப்டியே புடி."

ஏழுமலை குச்சியால் கம்பிக்கற்றையை ஒருபுறம் தள்ளிப் பிடித்தார். இடப்பக்கம் திரும்பியும் விளக்கு வரவில்லை. விட்டார், வந்தது. மீண்டும் பிடித்தார், வரவில்லை. ஒருமுறை கண்டதை அவர் நம்புவதில்லை. நான்கு வட்டம் முடிந்த பிறகே நிறுத்தச் சொன்னார். வெளியே வந்தபோது முகம் சிவந்து, தலைமயிரெல்லாம் தூசியாக இருந்தது. முகம் மழிக்கும்போது பார்க்கும் சிறு கண்ணாடி ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, என்னை மட்டும் அழைத்தார். அவர் கிடந்த இடத்தில் நானும் குனிந்து, அவர் காட்டிய கோணத்தில் கண்ணாடிக்குள் பார்த்தேன்.

முகப்பின் பின்னால் ஓர் இரும்புச் சட்டம். அதைத் துளைத்துக்கொண்டு ஒரு திருகாணியின் கூர்முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கம்பிக்கற்றை. அதைப் பிடித்திருந்த பழைய கவ்வி உடைந்து, கற்றை தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி இடப்பக்கம் ஒடிந்து திரும்பும்போதெல்லாம் கற்றை வலப்பக்கம் சாய்ந்து அந்த முனையில் உரசியிருக்கிறது. மூன்று கம்பிகளின் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அந்த மூன்று விளக்குகளும் தத்தம் கம்பி இரும்பைத் தொட்டாலே எரியும்படி அமைந்தவை. தொட்டபோது எரிந்தன, விலகியபோது அணைந்தன. பச்சையப்பனின் செருகிக் கம்பி ஒரு முழம் தள்ளி, இவற்றைத் தீண்டாமல் கிடந்தது.

அந்தத் திருகாணி என் பலகையின் திருகாணி. நான் முடுக்கியது. பலகை ஆடாமல் நிற்க வேண்டுமென்று கடையில் இருந்தவற்றிலேயே நீளமானதைக் கேட்டு வாங்கியதும் நானே. முகப்பைப் பிரித்திருந்தால் பலகையும் கழன்று, திருகாணியும் வெளியே வந்து, குறை இருந்த தடமே தெரியாமல் போயிருக்கும். பச்சையப்பனும் போயிருப்பார்.

வெளியே பத்துப் பதினைந்து பேர் என்ன ஆயிற்று என்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரையே பேச்சால் சுட்டெரிப்பவன் சொந்தக் கையால் மாட்டிக்கொண்ட கதை. சொல்லியிருந்தால் செஞ்சி ஒரு மாதம் சிரித்திருக்கும். ஏழுமலை என் காதருகே, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

"பலகை மேல தப்பு இல்லீங்க ஐயா. திருகாணிதான் நீளம்."

ஸ்குரூ என்றே நாளெல்லாம் சொல்பவர். போர்டு என்றே சொல்பவர். என் அட்டையிலிருந்த நாற்பது சொற்களில் ஒன்றை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அந்த ஒரேமுறைதான். நான் தலைகுனிந்து நின்ற நேரத்தில் என் சொல்லை எடுத்து எனக்கே கையில் கொடுத்தார். பலகையைக் கழற்றச் சொல்லவில்லை. குட்டையான திருகாணிகள் நான்கைத் தேடி எடுத்து, அதே துளைகளில் அவரே பொருத்தினார். தேய்ந்த கம்பிகளுக்குப் புது உறையிட்டு, கற்றையைப் புதுக் கவ்வியில் இறுக்கினார்.

நான் ஏழுமலையிடம், பச்சையப்பனுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். "நான் சொன்னா அது ரிப்பேரு. நீங்க சொன்னாதான் ஐயா அது பேச்சு" என்றார்.

பச்சையப்பனை அழைத்தேன். "மாந்தன் பிழைசெய்யும் இயல்பினன்" என்று தொடங்கினேன். ஏழுமலை குறுக்கிட்டார். "ஐயா. எப்ப, எங்க, இன்னா. அவ்ளோதான்." மறுபடி தொடங்கினேன். "பதினாறு நாள் முன்பு பட்டறையில் பத்துப் பேர் முன்னால் உங்களைப் பழித்தேன். விளக்கு எரிந்தது நான் முடுக்கிய திருகாணியால். நீங்கள் ஒன்றும் செய்யவில்லை." ஆடு மேய்த்தவர்கள் உட்பட எல்லாருக்கும் கேட்டிருக்கும். அன்றுதான் முதன்முதலாக அவரை நீங்கள் என்று அழைத்தேன் என்பதையும் அவர்கள் கவனித்திருக்கக்கூடும். பச்சையப்பன் வண்டிக்குள் குனிந்து, நாடா சுற்றிய கம்பி முனையைப் பார்த்தார். பிறகு, "சரி ஐயா. சார்ஜரை மறுபடி மாட்டிக்கட்டுமா?" என்று கேட்டார். மூங்கில் குச்சியை ஊன்றிக்கொண்டு நின்ற ஏழுமலை சிரித்த சிரிப்பை நான் பார்த்த முதல் நாளும் அதுதான்.

அதற்கு அடுத்த ஆண்டு ஒரு பகலில் தீவனூர் அருகே, நேர்ச் சாலையில், எண்ணெய் விளக்கு ஒன்று மட்டும் எரிந்து அணையாமல் நின்றது. பச்சையப்பன் அந்த இடத்திலேயே பொறியை நிறுத்தினார். அடியில் பார்த்தால் எண்ணெய் ஒழுகிச் சாலையில் கோடாக வந்திருந்தது. இன்னும் சிறிது தொலைவு ஓட்டியிருந்தால் பொறி இறுகிப் போயிருக்கும். குமிழைக் கழற்றியிருந்தால் ஓட்டித்தான் இருப்போம். ஏழுமலையிடம் கைப்பேசியில் சொன்னபோது அவர் மகிழ்ந்த மகிழ்ச்சி, வண்டி பிழைத்ததற்காக மட்டும் அன்று. "இப்ப அது நெசம் பேசுது பாருங்க" என்றார், ஏதோ பிள்ளை தேர்வில் வென்றதுபோல.

திண்டிவனத்திலிருந்து அன்று நேரே அவர் வீட்டுக்குப் போனோம். அவர் துணைவியார் அஞ்சலை அம்மையார் சுவரில் சாய்ந்து அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உள்ளே போய், ஒரு நாற்பது பக்கக் குறிப்பேட்டை எடுத்துவந்து என் கையில் வைத்தார். ஏழுமலையின் கையெழுத்து. எந்த வண்டியின் எண்ணும் மேலே இல்லை.

"திங்கள். ஏணி ஏறும்போது. எடது தோளு. எறங்கினதும் போச்சு."

"புதன். பேட்டரி தூக்கும்போது. எடது தோளு, தாடை. ஒக்காந்ததும் போச்சு."

இப்படி ஏழு.

"பத்து ஆவட்டும், எழுதிக்கினு போயி டாக்டர்கிட்ட காட்டறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு" என்றார் அம்மையார். "வந்து வந்து போவுதுன்னாரு. வண்டியாட்டமே சொன்னாரு."

அவரை அறிந்தவர்களே, அந்த ஏழு வரிகளை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு சொல் மிகையில்லை. எந்த மருத்துவரும் முதல் வரியிலேயே கண்டறிந்திருப்பார். எண்ணிக்கை நிறையட்டும் என்று நம் வண்டிகளுக்காக அவர் காத்த பொறுமையைத் தம் உடலுக்கும் காத்தார். முதலில் அது உண்மைதான் சொல்கிறது என்று வைத்துக்கொண்டு பார்க்கவேண்டும் என்பதும் அவர் சொன்னதுதான். அதைத் தமக்கு மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர்மீது எனக்குள்ள ஒரே மனத்தாங்கல் இது. உங்களில் எவருக்கேனும் தோளில், நெஞ்சில், தாடையில் வந்து வந்து போகும் வலி இருக்குமானால் இந்தத் தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து செல்லுங்கள். வண்டிக்குத்தான் பத்து. உங்களுக்கு ஒன்று போதும்.

மறுநாள் முற்பகல் அவரை எடுத்துச் செல்ல எந்த வண்டி என்ற பேச்சு எழுந்தபோது, பச்சையப்பன் யாரையும் கேட்கவில்லை. ஒலிபெருக்கிகளை இறக்கி வைத்தார், பின்தட்டைக் கழுவினார், பூச்சரம் கட்டினார். நான் முன்னால் அவர் பக்கத்தில் அமர்ந்தேன். நடுவில் அந்தப் பலகை. தெருவைத் தாண்டி, சுடுகாட்டுக்குப் பிரியும் இடத்தில் சாலை இடப்பக்கம் ஒடிந்து திரும்புகிறது. நடை வேகத்தில்தான் போனோம். திருப்பத்தில் சக்கரத்தை முழுவதும் ஒடித்தபோது பச்சையப்பனின் கண் முகப்புக்குப் போனது. என் கண்ணும் போனது. மூன்று விளக்குகளும் இருண்டிருந்தன.

"வரல ஐயா" என்றார் பச்சையப்பன்.

திடலில் கழற்றிய அந்த நீளமான திருகாணி என்னிடம் இருக்கிறது. முனை இன்னும் கூராகவே உள்ளது. அதில் செம்பின் நிறம் சிறிது ஒட்டியிருக்கிறது. அதைச் சட்டைப்பையில், அந்தத் துண்டுச்சீட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்ட பொருள் அது ஒன்றே. வைத்துக்கொண்ட பழக்கமும் ஒன்று உண்டு. மேடைக்குச் சீட்டு வந்தால் இப்போதெல்லாம் சொற்றொடரின் நடுவிலேயே நிறுத்திவிடுகிறேன். கூட்டம் காத்திருக்கிறது. விரித்துப் படித்த பிறகுதான் அடுத்த சொல்.